சாமியாரை ஆற்றில் தள்ளிய கதை

பெர்கன், ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் கெர்த்து எழுதுகிறேன். முழங்கால் வலி தணிந்ததா? எனக்கு ஒரு குறையுமில்லை. மீன் ஆலையில் வேலையும் நிறைய இருக்கிறது.

ஞாயிறு மாலைகளில் என் தோழி ராங்ஹில்ட் வீட்டில் ஒரு விளையாட்டு. அவள் கதை சொல்ல, நாங்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி அரக்கர்களோடு மோதுவோம். நான் கோடரி வைத்த குள்ளன். ஆலையில் கூட வேலை செய்யும் எஸ்கில், காயம் ஆற்றும் சாமியார். அவன் அடிக்கடி ராங்ஹில்டைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் குசுகுசுப்பான். திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரிப்பான். கதையில் எங்களை அரக்கர்களிடம் காட்டிக்கொடுக்கப் போகிறான் என்றே முடிவுகட்டினேன்.

போன வாரம் கதையில் ஒரு பாலம் வந்தது. "சாமியாரை ஆத்துல தள்றேன்" என்றேன். பகடையும் எனக்குச் சாதகமாக விழ, சாமியார் போய்ச் சேர்ந்தார். அக்கரையில் ஓநாய்கள். காயம் ஆற்ற ஆளில்லாமல் எல்லோரும் செத்தோம்.

"அடிப்பாவி!" என்று ராங்ஹில்ட் கத்தினாள். "நீ புதுசு, சட்டுனு செத்துட்டா அப்புறம் வரமாட்டேன்னு, உன் குள்ளனுக்கு ரகசியமா காவல் இருக்கட்டுமான்னுதான்டி அவன் கேட்டுட்டிருந்தான்!"

எனக்கு முகம் சுட்டது. எஸ்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடுத்த வாரமும் வா. ஆனா பாலம் வந்தா நீதான் முன்னால நடக்கணும்."

இப்படியும் ஒருவன் நல்லவனாக இருப்பானா? எனக்கு இன்னும் சந்தேகம்தான், அப்பா.

இங்கே ரொட்டி இனிக்கிறது. நம் ஃபின்லாந்துப் புளித்த கறுப்பு ரொட்டி அனுப்புங்கள். எனக்கு ஒன்று போதும். ஆனால் விளையாடுகிற நாலு பேருக்கும் ஆகிற அளவு அனுப்புங்கள். ராங்ஹில்ட் வீட்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டும், ஓடுகிறேன்.

கெர்த்து