பம்பு சுவிட்சில் வண்டிச் சாவி

அண்ணா,

வண்டிச் சாவியை வீடெல்லாம் தேடாதே. மீன் தொட்டியின் பம்பு சுவிட்சில் மாட்டியிருக்கிறேன். தீனி போடும்போது பம்பை அணைத்துக்கொள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். கிளம்பும்போது சாவிக்காக அங்கே வந்துதானே ஆகவேண்டும்? அப்போது மறக்காமல் பம்பைப் போட்டுவிடு.

நேற்று நீ மறந்துபோனதில் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின. நான் கத்தினேன். "உன் மீனுக்கு நான் என்ன வேலைக்காரனா?" என்று நீயும் கத்தினாய்.

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது.

தங்கச்சி

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.) தூக்கி வைத்திருக்கும் மூஞ்சியைச் சாயங்காலத்துக்குள் இறக்கி வை. தொட்டியில் மீன்களோடு வளரும், நேற்றுச் சுருங்கிக்கொண்ட பவளம் காலையில் விரிந்துவிட்டது. அதுவே உன்னை மன்னித்துவிட்டது, நான் எம்மாத்திரம்?