மகளுக்கு ஒரு தனிப் பானை

ஜவ்வாது மலை,
12-11-1980

அன்பு மகள் பாஞ்சாலைக்கு,

இதை எழுதுவது வாத்தியார் இல்லை, உன் அப்பா நானேதான். முதியோர் பள்ளியில் முதலில் என் பெயர் எழுத வந்தது. பிறகு மற்றதும் வந்துவிட்டது. காலையில் எழுத உட்கார்ந்தேன். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் திரும்பிவிட்டன, பக்கம் முடியவில்லை. கோணலாக இருந்தால் சிரித்துக்கொண்டே படி.

புளி விற்கக் கண்ணமங்கலம் போய்வந்த உன் சித்தி முத்தம்மாள், நீ வெளுத்துப்போயிருக்கிறாய், ரத்தம் போதாது என்று நர்ஸ் சொன்னதாகச் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் தம்பியைச் சுமந்தபோது உன் அம்மாவும் இப்படித்தான் வெளுத்தாள். இருவருமே தங்கவில்லை.

மருமகன் அரிசி ஆலையில் இருப்பதால் உங்கள் வீட்டில் பளபளவென்று தீட்டிய அரிசிதான். கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் உடம்பில் என்ன நிற்கும்? சாமையும் கேழ்வரகும் அனுப்புகிறேன். சாமையில் உமி மட்டும் போகக் குத்தியிருக்கிறது, தவிடு அதிலேயே இருக்கிறது. ஊறவைத்துப் பொங்கு. மற்றவர்களுக்குப் பிடிக்காவிட்டால் தனி அடுப்பு மூட்டி, தனிப் பானையில் உனக்கு மட்டும் வை. இங்கே பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படிச் செய்வது செல்லம்தானே.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா அர்ச்சுனன்

கண்ணமங்கலம்,
26-11-1980

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். மூட்டையும் வந்தது. நீங்கள் சொன்னபடி கொல்லையில் கல் வைத்து அடுப்பு மூட்டினேன். அத்தை பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். இவர் ஆலையிலிருந்து வந்ததும், "இன்னாடா முனிசாமி, உம் பொண்டாட்டி தனியா ஒலை வச்சிட்டா. பாகம் எப்போ பிரிக்கணும்?" என்று கேட்டார்கள். மலைக்குக் கீழே இங்கெல்லாம் தனி அடுப்பு என்றால் தனிக்குடித்தனமாம். மூத்த மகனும் அப்படித்தான் பிரிந்து போனாராம். எனக்குத் தெரியாமல் போயிற்று.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "சாமையத் துன்ன முடியாமதான் எங்கப்பன் மலையவுட்டு எறங்குனாரு. இங்க அரிசிக்கா பஞ்சம்?" என்கிறார்கள். மூட்டை மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. இவர் இரண்டு பக்கமும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார்.

நேற்று குடத்தோடு வரும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். இங்கே யாருக்கும் சொல்லவில்லை. இனிமேல் தானியம் அனுப்ப வேண்டாம் அப்பா.

உங்கள்
பாஞ்சாலை

ஜவ்வாது மலை,
4-12-1980

பாஞ்சாலைக்கு,

கண் இருட்டியதை மறைக்காதே. கீழே எழுதியிருப்பதைச் சம்பந்தியம்மாளிடம் அப்படியே படித்துக் காட்டு.

சம்பந்தியம்மா, தனி அடுப்பு மூட்டச் சொன்னது நான். அவளுக்குப் பிரிந்துபோகும் எண்ணம் கிடையாது. மலையில் அதற்கு அப்படி அர்த்தம் இல்லை. நீங்கள் சிறு பிள்ளையாகவே இறங்கிவிட்டீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இவள் அம்மாவை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்காக அடிவாரத்து அமிர்திக்கு இறங்கினோம். பாதி வழியில் டோலியைக் கீழே வைத்தோம். அதற்குமேல் எழுத்து தெரிந்தும் எழுத வரவில்லை. சாமை வேண்டாமென்றால் மாட்டுக்குப் போடுங்கள். கோபமென்றால் என்னைத் திட்டுங்கள். அவள் உடம்பில் ஒட்டுவதாக ஏதாவது கொடுங்கள்.

தலைப்பிரசவத்துக்கு நானே வந்து அழைத்துவருகிறேன். வீட்டுக்குப் புதுக் கூரை போட்டுவிட்டேன்.

அர்ச்சுனன்

ஜவ்வாது மலை,
18-12-1980

பாஞ்சாலைக்கு,

பதில் இல்லை. தபால்காரரைப் பார்த்தால் நெஞ்சு அடிக்கிறது, பார்க்காவிட்டாலும் அடிக்கிறது. நலம் என்று மட்டுமாவது எழுது.

அப்பா

கண்ணமங்கலம்,
22-12-1980

அன்புள்ள அப்பாவுக்கு,

பயப்படாதீர்கள், நலமாக இருக்கிறேன். நர்ஸ் மறுபடி பார்த்த பிறகு எழுதலாமென்று இருந்துவிட்டேன்.

அன்று டோலியைப் பற்றிப் படித்ததும் அத்தை நிறுத்தச் சொல்லி எழுந்து போனார்கள். மறுநாள் மூட்டையை அவர்களே இழுத்துவந்து, பெரிய பானையில் அரிசியோடு சாமையையும் சேர்த்துப் போட்டார்கள். இவர் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "அவ மட்டும் துன்னாத்தான்டா தனி. எல்லாரும் துன்னா வூட்டுச் சோறு. வாய மூடிக்கினு துன்னு" என்றார்கள்.

முதல் நாள் குழைந்துவிட்டது. இப்போது இரண்டும் வேகும் பக்குவம் தெரிந்துவிட்டது. கஞ்சி வடிப்பதில்லை. காலையில் எல்லோருக்கும் கேழ்வரகுக் கூழ்தான். நர்ஸ், ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, இன்னும் போதாது, மாத்திரையையும் விடாதே என்றார்கள்.

இன்னொன்று. என்னைப் பிரசவத்துக்கு அத்தை மலைக்கு அனுப்ப மாட்டார்களாம். ஆஸ்பத்திரி இங்கேதான் பக்கம். "இன்னொருத்தியையும் டோலில தூக்க வேணாம்னு எழுது. உங்கப்பா கோச்சிக்கினாலும் பரவால்ல" என்றார்கள். கோபித்துக்கொள்வீர்களா அப்பா?

பாஞ்சாலை

ஜவ்வாது மலை,
30-12-1980

என் கண்ணு பாஞ்சாலைக்கு,

கோபம் இல்லை என்று எழுத உடனே உட்கார்ந்தேன், இவ்வளவு நாளாகிவிட்டது. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைக்காவிட்டால் ஊர் என்ன பேசும் என்கிறாள் முத்தம்மாள். பேசட்டும். சம்பந்தியம்மா சொன்னதே சரி. அங்கேயே இரு.

என் பயம் பிள்ளை பிறக்கும்வரை போகாது. பிறந்தவுடன் மருமகனை ஒரு வரி எழுதச் சொல். பெரிய எழுத்தாக எழுதட்டும். எந்தச் செய்தியானாலும் நானே படித்துக்கொள்வேன்.

அப்பா அர்ச்சுனன்