மூத்தாளுக்கு மாவுக்கட்டு

அக். 12, திங்கள்

காலையில் மூட்டம், பத்து மணிக்கு நல்ல வெயில். கண்ணம்பாடி அணைக்கு மேற்கே, பின்தண்ணீரில் படகை இறக்கியாயிற்று. தசரா லீவு. மைசூர் முழுக்க அரண்மனைப் பக்கம் ஓட, நாங்கள் புருஷன் பெண்டாட்டி மட்டும் தண்ணீர்ப் பக்கம். ஞாயிறு சாயங்காலம் திரும்ப வேண்டும்.

கொண்டுவந்தவை: அரிசி, பருப்பு, அவல், நார்த்தங்காய் ஊறுகாய், ஸ்டவ், மண்ணெண்ணெய் ஒரு பாட்டில், தார்ப்பாய், அவருடைய கருவிப்பெட்டி, என் மருந்துப்பெட்டி. உப்பு மறந்துவிட்டது. ஏழு நாளைக்கு நார்த்தங்காய்தான் உப்பு.

படகு பதினாறு அடி. ஒரு பாய்மரம், ஒரு பாய். குடகில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை, சுதந்திரம் வந்ததும் கப்பலேறுமுன் இவரிடம் விட்டுப்போனது. தொழிற்பள்ளியில் மரவேலை வாத்தியாராயிற்றே, பார்த்துக்கொள்வார் என்று. பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘டோரத்தி’ என்று பெயர். இவர் அதை அழிக்கவுமில்லை, மாற்றவுமில்லை. ஆறு வருஷமாக ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இவளிடம்தான் ஓட்டம். எனக்குக் கல்யாணமாகி நாலே மாதம். ஆக இவள் மூத்தாள், நான் இளையாள். சொன்னேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

அவர் அம்மா இடுப்பெலும்பு முறிந்து என் வார்டில் ஆறு வாரம் கிடந்தபோது நான் அவருக்கு ‘சிஸ்டர்’. அம்மா போய், வருஷம் திரும்பி, பாஸ்டர் மூலம் பேசி, மோதிரமும் மாற்றியாயிற்று. இன்னும் சிஸ்டர்தான் வாயில் வருகிறது. நான் மட்டும் என்ன? ‘இந்தாங்க’, ‘இங்க பாருங்க’. புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று என் அம்மா வளர்த்த வளர்ப்பு. முப்பத்தாறு வயதில் மாறுமா.

நர்ஸ் குவார்ட்டர்ஸ் ஏழாம் நம்பர் அறைச் சாவி இடுப்பில், சேஃப்டி பின்னில். நைட் ட்யூட்டி என்று சொல்லி வாரத்தில் பாதி அங்கேதான் படுக்கை. ட்யூட்டி மட்டும் காரணமில்லை. பதினான்கு வருஷம் தனியாக இருந்தவள். அவர் வீட்டில், பக்கத்து அறையில் யாரோ இருமினாலே, இது யார் வீடு என்று இருக்கிறது. மேட்ரன் கறாராகச் சொல்லிவிட்டார்: “தசரா முடிஞ்சு திங்கட்கிழமை காலைல சொல்லிடு எஸ்தர். வேணும்னா வேணும்னு சொல்லு. வேணாம்னா சாவியை வை. புதுப் பிள்ளைங்க வர்றாங்க.”

அவரிடம் இதைச் சொல்லவில்லை. அவரும் கேட்பதில்லை. எதையுமே கேட்பதில்லை, அதுதான் கஷ்டம்.

அக். 13, செவ்வாய்

காற்று ஜாஸ்தி. மதியம் பாய் கிழிந்தது, ஒரு முழம். நடுத்தண்ணீர். அவர் சாக்கு ஊசியை எடுத்தார். “நகருங்க” என்றேன். வளைந்த தையல் ஊசி, பட்டு நூல், இடுக்கி எல்லாம் என் பெட்டியில். ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. வயிற்றைத் தைக்கிற மாதிரியேதான்: ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும். இருபத்திரண்டு தையல். படகு ஆட, நான் ஆட, அவர் கிழிசலை இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்திருந்தார். ஆபரேஷன் தியேட்டரில்கூட இத்தனை ஒழுங்காக யாரும் பிடித்துக்கொடுத்ததில்லை.

“அழகா இருக்கு சிஸ்டர்.”

“என்னது?”

“அழகா இருக்கு... ங்க.”

சிரிப்பை அடக்கி நூலைக் கடித்தேன். பாய் நின்றது. சாயங்காலம் கரையில் தார்ப்பாய் கட்டி, பருப்பு சாதம். தொட்டுக்கொள்ள உப்பு அவர்கள், அதாவது நார்த்தங்காய்.

அக். 14, புதன்

பாய்மரத்தில் கீறல். இடுப்பு உயரத்தில். காற்று தள்ளும்போது திறக்கிறது, விட்டால் மூடுகிறது. விரலை வைத்துப் பார்த்தேன். சந்தேகமேயில்லை, எலும்பு முறிவு.

வார்டில் கழித்துப்போட்ட மாவுக்கட்டு ரோல் நாலு, டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தது பெட்டியில். “இதை நான் பார்த்துக்கறேன்” என்றேன். அவர் ஒரு கயிற்றுச் சுருளைக் கையில் எடுத்திருந்தார். வாயைத் திறந்தார். மூடினார். கயிற்றைத் திரும்ப வைத்துவிட்டார்.

மூங்கில் பட்டை இரண்டு பக்கம். ரோலை நனைத்துப் பிழிந்து, கீழிருந்து மேலே சுற்றி, வழித்து. முழங்கை வரை வெள்ளை. பாட்டு வேறு வந்துவிட்டது, ஞாயிறு பள்ளிப் பாட்டு. காய்ந்ததும் அதன்மேல் அழியாத காப்பியிங் பென்சிலால் தேதி போட்டு, எ. என்று கையெழுத்து. நனையாமல் இருக்க ரப்பர் துணி ஒன்று சுற்றிக் கட்டினேன். மூத்தாளுக்கு என் கையால் மாவுக்கட்டு! உரசிக்கொள்ளாத சக்களத்திகள் நாங்கள்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

பக்கத்தில் பரிசலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் நெருங்கி வந்து பார்த்தார். மாரியப்பன், கௌதள்ளி ஊர்க்காரர், தமிழ்தான். “ஏனுங்க அம்மணி, தண்ணிக்குள்ள இருக்கறதுக்கு மாவுக்கட்டு போட்டா நிக்குமுங்களா?”

“ஆறு வாரத்துல எழுந்து நடக்கும் பாருங்க” என்றேன். திமிர்தான். அவர் தலையைச் சொறிந்துகொண்டே இரண்டு கெண்டை கொடுத்துவிட்டுப் போனார்.

அக். 15, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

இரண்டு மணிக்கு மழை. நடுத்தண்ணீர். ரப்பர் துணிக்கு மேலே இருக்கிற மரத்தை யார் மூடுவது? மரத்தில் வழிந்த தண்ணீர் நேராக உள்ளே இறங்கியது. கீழே கஞ்சித் தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஒழுகும்போதுதான் பார்த்தேன். ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன், கட்டு நனையக்கூடாது, நனையக்கூடாது என்று. எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

காற்று ஒரு தள்ளு தள்ளியது. கீறல் வாயைப் பிளந்தது. அவர் சுக்கான் பக்கம் குனிந்து ஏதோ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். “இந்தாங்க!” என்று கத்தினேன். மழையில் எனக்கே கேட்கவில்லை. “இங்க பாருங்க!” பார்க்கவில்லை.

“சாமுவேல்!”

திரும்பினார். தலையில் விழவேண்டிய பாய்மரம் தோளில் விழுந்தது. மேலே பாய் மூடிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை, அசைவும் இல்லை. சாமுவேல், சாமுவேல், எத்தனை தடவை கத்தினேனோ. ஈரப் பாயை இழுத்துக்கொண்டே கத்தினேன்.

அடியிலிருந்து குரல். “இங்கதான் இருக்கேன் எஸ்தர்.”

எலும்புக்கு ஒன்றுமில்லை. மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். வீக்கம், நீலம். வலது கையைத் தூளியில் போட்டேன். முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டேன். வார்டில் ஒரே தடவைதான்.

துடுப்பை நான் போட்டுக் கரை சேர்த்தேன். தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

“இது நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“மரவேலை வாத்தியார்! தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா?”

“பாடிக்கிட்டே செஞ்சீங்க. வீட்டுல நீங்க ஒரு நாளும் பாடினதில்லை. நிறுத்த மனசு வரலை.”

எனக்கு வந்த கோபம்! “அதுக்காகத் தலையைக் கொடுப்பீங்களா? நான் என்ன, மருந்து கசக்காதுன்னு பொய் சொல்லிக் குடுக்க வேண்டிய நோயாளியா? அம்மாகிட்ட நாப்பது வருஷம் தலையாட்டினது போதும். எங்கிட்ட ஆட்ட வேணாம். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. தெரியலைன்னா கேளுங்க. வாயில்லையா உங்களுக்கு?”

தலையாட்டினார். ஆட்டிவிட்டு, ஆட்டியதற்காகப் பயந்து என்னைப் பார்த்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அழுகையே ஜெயித்தது.

இதை எழுதும்போது உறைக்கிறது. சொல்லாமல் ஒன்றை இடுப்பில் குத்திக்கொண்டு திரிகிறவள் நான். வாயில்லையா என்று நான் கேட்கிறேன்.

அக். 16, வெள்ளி

வெளுத்த வானம். முகம் பார்த்துக்கொள்ள இரண்டு பேருக்கும் கூச்சம்.

பாய்மரம் மறுபடி. அவருக்கு ஒரு கை, எனக்கு இரண்டு. உடைந்த இரண்டு முனையையும் சாய்வாகச் சீவச் சொல்லி, ஒன்றின்மேல் ஒன்று படுக்கவைத்து, காய்ந்த சணல் கயிற்றால் நெருக்கமாகச் சுற்று. இரண்டு முழம் குட்டையாகிவிட்டாள் மூத்தாள்.

“இன்னும் இறுக்குங்க. இல்லை, அது தப்பு. அவிழ்த்துட்டு மறுபடி.”

நாலு மாதத்தில் முதல் ‘தப்பு’. அவிழ்த்தேன்.

“சணல் நனைஞ்சா சுருங்கும். மழை பெய்யப் பெய்ய இறுகும்” என்றார். அதுதான் புதன்கிழமை கையில் எடுத்து வைத்த கயிறு. சுற்றி முடித்ததும் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். முடிச்சு முனகியது.

மாரியப்பன் வந்தார். “முந்தாநாளே நான் சொன்னனுங்களே!” என்று ஆரம்பித்து, தூளியைப் பார்த்துவிட்டு, “அட விடுங்க அம்மணி, அறிஞ்சு செஞ்சமா என்ன” என்றார். நல்ல மனுஷன். அவரிடம் ஒரு பிடி உப்பு வாங்கினேன். அப்பா, என்ன ருசி.

மாலையில் என்னை அறியாமல் பாட்டு. பாதியில் நிறுத்தினேன். “ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார்.

கேள்வி!

அக். 17, சனி

ஊரில் இந்நேரம் யானை, குதிரை, கூட்டம். இங்கே நாரை.

பாய்மரம் தேவலை. ஆனால் பதினொரு மணிக்குச் சுக்கான் ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. மேல் கீலில் இருந்த கம்பி துருவேறி ஒடிந்து தண்ணீருக்குள். ஒன்று போனால் ஒன்று; இவளுக்கு வயசாகிவிட்டது.

“இவ்வளவு நீளம், சுண்டுவிரல் கனம். இரும்பா இருக்கணும்” என்றார். கரண்டிக் காம்பு, வளைந்தது. ஆணி, மெலிசு. என் இடுக்கி, உள்ளே போய் அப்படியே தண்ணீருக்குள் போகப் பார்த்தது.

கை தானாக இடுப்புக்குப் போனது. பழைய காலத்து இரும்புச் சாவி, ஒரு சாண். தலையில் வளையம் இருப்பதால் கீழே நழுவாது. கொடுத்தேன். அளந்து பார்த்தார். அச்சு அசல். நுனியில் இருக்கிற பல் மட்டும் கீலில் இடித்தது.

“பல்லை அராவினா இறங்கிடும்.” அரத்தை எடுத்தார். அப்போதுதான் சாவியில் கட்டியிருந்த தகர வில்லையைத் திருப்பிப் பார்த்தார். 7. அரத்தைக் கீழே வைத்தார்.

“இது எந்தச் சாவி?”

“அராவுங்க. அப்புறம் சொல்றேன்.”

“மாட்டேன்.”

“என்னது?”

“சொன்னாத்தான் அராவுவேன். நீங்கதான் கேக்கச் சொன்னீங்க.”

நன்றாக வேண்டும் எனக்கு. சொன்னேன். அறை, மேட்ரன், திங்கட்கிழமை, நைட் ட்யூட்டி இல்லாத நைட் ட்யூட்டி, எல்லாம். படகு தானாக மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, சாவியைப் பார்த்தார்.

“அறை வேணும்னா வச்சுக்கங்க. துடுப்பு போட்டே போயிடலாம், ஸ்வல்ப நேரமாகும், அவ்வளவுதான். கோவிச்சுக்க மாட்டேன்.” நிறுத்தினார். சாவியைப் புரட்டினார். “ஆனா கேட்டீங்கன்னா, எனக்கு அது வேணாம். நீங்க வராத அன்னிக்கும் கை பழக்கத்துல ரெண்டு கப் காப்பி போட்டுடறேன். ஒண்ணு ஆறிப்போகுது. கொட்டவும் மனசு வராம ராத்திரி வரைக்கும் மூடி வச்சிருப்பேன்.”

நாலு மாதமாக ஆறிப்போன காப்பி. எனக்குத் தெரியாது. யாரும் எனக்காக ஒன்றை மூடிவைத்ததில்லை.

ஒரு கையால் அராவ முடியாது. அவர் சாவியைப் பலகையில் அழுத்திப் பிடித்தார். நான் அராவினேன். இரண்டு பல். ரொம்ப நேரம் பிடித்தது. மடியெல்லாம் இரும்புத் தூள். நடுவில் ஒரு தரம், “நிச்சயமா?” என்றார். “பிடிங்க சாமுவேல், ஆட்டாதீங்க” என்றேன்.

கீலில் சரக்கென்று இறங்கி உட்கார்ந்தது.

அக். 18, ஞாயிறு

திரும்பியாயிற்று. ஆராதனை தவறிப்போயிற்று, முதல் தடவை. மூத்தாளைக் கரையேற்ற மாரியப்பன் உதவி. சாமுவேல் தோள் இன்னும் நீலம். நான் தேய்த்துவிட்டேன். வீட்டில் அவர் இருமினார் இன்று. தூங்கிவிட்டேன்.

அக். 19, திங்கள்

மழை இல்லை. வார்டில் நாலு புது கேஸ். மாவுக்கட்டு ஒன்று போட்டேன், “நனையக்கூடாது” என்று சொல்லும்போது சிரித்துவிட்டேன், நோயாளி முறைத்தார்.

எட்டரைக்கு மேட்ரன்.

“வேணுமா, வேணாமா?”

“வேணாம் மேடம்.”

“சாவி?”

“கண்ணம்பாடில இருக்கு மேடம். சுக்கான்ல.”

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பூட்டு மாற்ற ஒரு காகிதம் நீட்டினார். சாவி எப்படித் தொலைந்தது என்று அதில் ஒரு கட்டம். எழுதினேன்: தொலையவில்லை, உபயோகத்தில் இருக்கிறது.

இரண்டு மணிக்கு ட்யூட்டி முடியும். சாமுவேல் இரண்டு கப் போட்டிருப்பார். ஆறுவதற்குள் போகணும்.