தொப்பையன் சத்தம் போடுவதில்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன். நல்லதா கெட்டதா தெரியவில்லை. மேசை விளக்குக்கு ஹோல்டர் தேடிப் பழைய சாமான் கடைக்குப் போனவள், ஒரு வாக்குவம் கிளீனரைத் தள்ளிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றேன்.

இப்போது வருகிற பிளாஸ்டிக் சாதி இல்லை. நின்றபடி தள்ளுகிற பழைய மாடல். கீழே இரும்புத் தலை, அதன் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு, நீளமான கைப்பிடி, கைப்பிடியோடு சேர்ந்து தொங்கும் துணிப்பை. பை கிழிந்திருக்கிறது. வயரை எலி கடித்திருக்கிறது. சுவிட்ச் அசையவே மாட்டேன் என்கிறது.

நான் ஆபரேட்டராக இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எங்கள் ஹாலில் இதே மாதிரி ஒன்று இருந்தது. ஷிஃப்ட் தொடங்கும் முன் துப்புரவு அக்கா அதை ஓட்டுவாள். அது போடும் கூச்சலில் பக்கத்து சீட்காரி பேசுவது கேட்காது. சூப்பர்வைசர் காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிடுவார். கடையில் இதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார், ஏதோ முணுமுணுத்தார். இப்போதெல்லாம் முணுமுணுப்புதான். முழு வாய் திறந்து பேசினால் என்ன குறைந்துவிடும் இந்த மனிதருக்கு? "எனக்குப் பொழுது போக வேணாமா" என்று நானே பதில் சொல்லிக்கொண்டு உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன்.

தொங்குகிற பையைப் பார்த்துத் தொப்பையன் என்று பேர் வைத்தாயிற்று.

மார்ச் 6

தொப்பையனைக் குப்புறப் போட்டுப் பிரித்தேன். அடியில் இருக்கும் பிரஷ் உருளையில் யார் யாருடைய தலைமுடியோ சுற்றிக்கொண்டு கிடந்தது. கறுப்பு, நரை, செம்பட்டை. தையல் பிரிக்கிற கத்தியால் நெடுக அறுத்து உரித்து எடுத்தேன். எந்த வீட்டுக் குடும்பமோ. அருவருப்பாக இருந்தாலும் நிறுத்த மனம் வரவில்லை.

துருப்பிடித்த திருகுகளை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். நல்லது, அவர் கையை மூக்கில் வைத்தாலும் வாயில் வைத்தாலும் எனக்கு ஒன்றுதான், எப்படியும் பேச்சு வராது.

மார்ச் 9, ஞாயிறு

பையைத் தைத்துக் கொடுத்தார். யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த கை. ஓய்வுபெற்ற பிறகும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் பத்து வயது குறைந்துவிடும். கிழிசலுக்கு உள்பக்கமாக ஒட்டுத்துணி வைத்து, தூசி கசியாமல் இரட்டைத் தையல் போட்டார். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து இரும்புத் தலையைப் பற்பசை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தலையை நிமிர்த்தாமல் என்னிடம் ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார். கடைசியில் நிமிர்ந்து புருவத்தைத் தூக்கினார், சம்மதமா என்கிற மாதிரி. பை நிறத்துக்கு நூல் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறார் போல. "சரி" என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கினது போல இருந்தது. நூலுக்காகவா?

எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு இது மானப் பிரச்சினை. லைனில் வருகிறவர் எவ்வளவு குளறினாலும் ஒரே தடவையில் பிடித்துவிட வேண்டும். "மறுபடி சொல்லுங்க" என்று ஒருத்தி சொன்னால் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நான் ஒருநாளும் சொன்னதில்லை. அரைகுறையாக விழுந்தாலும் "சரிங்க" என்பேன், மீதியைத் தொனியை வைத்து ஊகித்துவிடுவேன். தப்பியதே இல்லை.

மார்ச் 11

மோட்டாரை மட்டும் கழற்றி மோட்டார் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் விரலால் சுற்றிப் பார்த்தார், காதருகே வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், ஏதோ சொன்னார். பின்னால் கிரைண்டர் ஓடுகிறது, அவரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார். "சரிங்க, அப்படியே பண்ணுங்க" என்றேன். உள்ளே தேய்ந்துபோன கார்பன் கட்டியை மட்டும் மாற்றிக் கொடுத்தார். ஊரில் எல்லோருக்கும் தொண்டை கட்டிக்கொண்டதா என்ன?

மார்ச் 13

வாசல் மணி வேலை செய்யவில்லை. புது பேட்டரி போட்டேன், அப்படியும் அடிக்கவில்லை. அவர் மட்டும் எப்படியோ யார் வந்தாலும் சரியாக எழுந்து போகிறார். வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ? யாருக்காக?

மார்ச் 15

மகள் போன் செய்தாள். இந்தப் புது போன் சுத்த மோசம், எல்லாம் கொரகொரவென்று விழுகிறது. "அம்மா, உனக்கு சந்தோஷம்தானே?" என்றது மட்டும் தெளிவாக விழுந்தது. "சந்தோஷத்துக்கு என்னடி குறைச்சல்" என்றேன். அந்தப் பக்கம் அழுகிறாள் போல இருந்தது. நான் சந்தோஷமாக இருப்பதில் இவளுக்கு என்ன அழுகை?

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 17

தொப்பையன் ஓடினான்!

முதலில் மானத்தை வாங்கினான். ரப்பர் பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கி மாட்ட வேண்டும். நான் எதிர்ப்பக்கம் முறுக்கிவிட்டேன். உருளை தலைகீழாகச் சுற்றி, கூட்டி வைத்த தூசியை எல்லாம் என் மூஞ்சியிலேயே வாரி அடித்தது. கழற்றி, சரியாக மாட்டி, மறுபடி சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. கைப்பிடி உள்ளங்கையில் குறுகுறுவென்று அதிர்ந்தது. பை மெல்ல மெல்லப் பிள்ளைத்தாய்ச்சி வயிறு போல உப்பி எழுந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், சத்தமே இல்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்தது போட்ட கூச்சல் என்ன, இது பூனை மாதிரிப் போகிறது என்ன! எண்ணெய் போட்ட கை அப்படி. பெருமையாக இருந்தது. ஹால், படுக்கையறை, நடை எல்லாம் ஒரு சுற்று ஓட்டிவிட்டேன். அவர் பேப்பரை மடக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னாரா? இல்லை.

மார்ச் 18

படியில் ஹவுஸ் ஓனர் அம்மாவைப் பார்த்தேன். கீழ்வீட்டில்தான் இருக்கிறார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லி மூக்கை உறிஞ்சினார். அவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? கேட்டால் நன்றாக இருக்காது. "எல்லாம் நல்லபடியா நடக்கும், கவலைப்படாதீங்க" என்று தட்டிக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மார்ச் 20

கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், என் சமையலறையில் முன்பின் தெரியாத ஓர் ஆள் டேப்பை நீட்டி ஜன்னலை அளந்துகொண்டிருக்கிறான். இவர் பக்கத்தில் நின்று டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் அந்த ஆள் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். வேறென்ன செய்வது?

புது ஜன்னலா? ஓனர் அம்மா மாற்றுகிறாரா? அப்படியானால் ஏன் அலமாரியின் உள்பக்கத்தையும் அளந்தான்? ஏதோ நடக்கிறது இந்த வீட்டில். என் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கும் வீடு இது. என் மகள் தவழ்ந்த தரை.

மார்ச் 21

பரண் காலியாகியிருக்கிறது. கேட்கமாட்டேன். அவராகச் சொல்லட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

எங்கிருந்து எழுதுவது என்றே தெரியவில்லை.

காலையில் ஒரு சின்ன ஜோடி வந்தது, கைக்குழந்தையோடு. டேப் பிடித்த அதே ஆள், அவன் பெண்டாட்டி. இவர் அவர்களை அறை அறையாகக் கூட்டிப் போய்க் காட்டுகிறார். நான் ஹாலில் தொப்பையனோடு நின்றேன். எவரும் எதுவும் சொல்லாத வீட்டில் நானாவது முகம் கொடுத்துப் பேசலாம் என்று, "இதைப் பாருங்க, பழைய சாமான் கடையில கெடந்தது, நானே சரி பண்ணினேன்" என்று சொல்லிச் சுவிட்சைப் போட்டேன். "எவ்வளவு அமைதியா ஓடுது பாத்தீங்களா?"

அந்தப் பெண் குழந்தையின் காதைப் பொத்தினாள். குழந்தை வாயைப் பிளந்து, முகம் சிவக்கச் சிவக்க அழுதது. அந்த ஆள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னான். நான் சிரித்துக்கொண்டே சோபாவுக்கு அடியில் தள்ளிக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் ஹாலில் ஒருவரும் இல்லை. வாசல் கதவு திறந்து கிடக்கிறது.

இவர் வந்து பிளக்கைப் பிடுங்கினார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் குரலை உயர்த்தாத மனிதர். இன்று கத்தினார். கத்தியதால் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

"உனக்கு இஷ்டம் இல்லன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? சரின்னு தலையாட்டிட்டு, இப்ப வந்தவங்கள இப்படி விரட்டினா என்ன அர்த்தம்?"

"எதுக்கு நான் தலையாட்டினேன்?"

"வீட்டக் காலி பண்ணிட்டு மக வீட்டோட போயிடலாமான்னு கேட்டேன். பை தைக்கும்போது. நீ சரின்னே. அதுக்கப்புறம்தான் ஓனரம்மாகிட்டயே சொன்னேன். மாசக் கடைசியில சாவி குடுக்கணும்."

நூல் நிறம் சரியா என்று கேட்கவில்லை அவர்.

படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மகளின் அழுகை, ஓனர் அம்மா பிடித்த கை, மோட்டார் கடைக்காரர் பிதுக்கின உதடு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. அலமாரி மேல் டைம்பீஸ் இருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். டிக் டிக் இல்லை, நின்றுபோய்விட்டது என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தேன், நொடிமுள் ஓடுகிறது. மறுபடி வைத்தேன். மற்றக் காதில் வைத்தேன்.

முள் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

ஐயோ, என் காதுக்கா? வரிசையில் நாற்பது பேர் பேசினாலும் என் லைனைப் பிரித்தெடுக்கும் காதுக்கா?

மார்ச் 24

அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? காலையில் காபியை வைத்துவிட்டு ஏதோ சொன்னார். பழக்க தோஷம், தலை தானாக ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். எதற்கு ஆட்டுகிறேன் என்று தெரியாமல் இனி ஆட்டுவதில்லை. இந்தத் தலைதான் வீட்டைக் கொடுத்தது.

மார்ச் 25

சொல்லிவிட்டேன். டைம்பீஸை அவர் காதில் வைத்தேன். "சத்தம் வருதா?" என்றேன். வருகிறது என்று தலையாட்டினார். என் காதில் வைத்துக்கொண்டேன். "எனக்கு வரல" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். என் காது மடலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார், துணியின் நெசவைப் பார்ப்பது போல. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மார்ச் 28

மகள் வந்து காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் வந்தால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். எக்ஸ்சேஞ்ச் ஹெட்ஃபோன் போலவே இருந்தது. சத்தம் வராதபோதும் ஊகித்து ஊகித்து அமுக்கினேன். டாக்டரம்மா கதவைத் திறந்து, என் எதிரே வந்து நின்று, "வந்தா மட்டும் அமுக்குங்க, இதுல மார்க் கிடையாது" என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவமானமாகப் போய்விட்டது.

இரண்டு காதும் பாதிக்கு மேல் போயிருக்கிறதாம். கருவி வைத்தால் சமாளிக்கலாமாம்.

ஏப்ரல் 4

கருவி வந்தது. உலகம் இவ்வளவு கூச்சலா? செருப்பு கத்துகிறது, பேப்பர் கத்துகிறது, பிரிட்ஜ் உறுமிக்கொண்டே இருக்கிறது. வாசல் மணி அடித்தது, துள்ளி விழுந்தேன். பாவம், நல்ல மணி அது, வீணாகத் திட்டிவிட்டேன்.

மத்தியானம் தொப்பையனை இழுத்துச் சுவிட்சைப் போட்டேன். ஐயையோ. இரும்புத் தகரத்தைத் தரையில் போட்டு இழுப்பது மாதிரி ஒரு ஊளை. அந்தக் குழந்தை அழாமல் என்ன செய்யும்? சூப்பர்வைசர் இன்று இருந்தால் வராந்தா போதாது, தெருக்கோடிக்கு ஓடியிருப்பார். பேரிங் தேய்ந்திருக்கிறது, மாற்றாமல் விட்டால் ஊளையிடும், பரவாயில்லையா என்றுதான் கடைக்காரர் அன்று கேட்டிருப்பார், இப்போது தெரிகிறது. இதையா பூனை என்று எழுதினேன்?

ஏப்ரல் 6, ஞாயிறு

மாசக் கடைசி தாண்டிவிட்டது, நாங்கள் இன்னும் இங்கேதான். அந்த ஜோடி வேறு வீடு பார்த்துக்கொண்டார்களாம். "அடுத்த ஆளக் கூட்டிட்டு வரவா, வேணாமா? நிச்சயமாச் சொல்லுங்க" என்று ஓனர் அம்மா கேட்டனுப்பியிருக்கிறார்.

அவர் மெஷினில் எனக்குத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் பேச ஆரம்பித்தார். இரைச்சலில் பாதிதான் விழுந்தது. எழுந்து போய் மெஷின் சக்கரத்தில் கையை வைத்து நிறுத்தினேன்.

"என்னப் பாத்து மறுபடி சொல்லுங்க" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மட்டும்தான் பார்த்தார்.

"போகலாமா, இருக்கலாமான்னு கேட்டேன்."

"முதல்ல நீங்க சொல்லுங்க. எதுக்குப் போகணும்னு தோணுச்சு? இந்த வீடு என்ன பண்ணுச்சு உங்கள?"

கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார்.

"வீடு ஒண்ணும் பண்ணல. நீ பேசறதயே நிறுத்திட்டே. நான் ஏதாவது சொன்னா சரி, சரி. அவ்வளவுதான். நாள் பூரா இந்த மெஷின் சத்தம் ஒண்ணுதான். என்னைப் பிடிக்காமப் போயிடுச்சோன்னு இருந்துச்சு. மக வீட்ல இருந்தா பேச யாராவது இருப்பாங்கல்ல."

அவர் முணுமுணுக்கிறார் என்று நான் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் பாட்டுக்கு முழு வாயால்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார், பதில் வராத லைனில்.

"பைத்தியம். பிடிக்காமப் போனா இவ்வளவு நாள் உங்க நூல் குப்பையப் பெருக்கிட்டு இருப்பேனா?" என்றேன். பிறகு, "இருக்கலாம்" என்றேன். தலையாட்டவில்லை, வாயால் சொன்னேன். அவர் அப்போதே ஓனர் அம்மாவிடம் சொல்லக் கீழே இறங்கிப் போனார், சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல்.

ஏப்ரல் 9

மோட்டார் கடை. "கிரைண்டர நிறுத்திட்டுச் சொல்லுங்க" என்றேன். நிறுத்தினார். பேரிங் மாற்றியாயிற்று.

ஏப்ரல் 13, ஞாயிறு

தொப்பையனைப் பூட்டி ஓட்டிப் பார்த்தேன். ஊளை போய்விட்டது, இரைச்சல் மட்டும் இருக்கிறது, அவன் வயசுக்கு அது நியாயம்தான். தையல் மெஷினுக்கு அடியில் ஒரு வருஷத்து நூல், வெட்டுத்துணி, பொத்தான் எல்லாவற்றையும் வாரி விழுங்கினான். நடையில் தள்ளிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது: "அத நிறுத்திட்டு வாயேன், காபி ஆறுது."

முதல் தடவையிலேயே முழுசாக விழுந்தது. இருந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டு, "மறுபடி சொல்லுங்க" என்றேன்.