ஏழு சிவப்புப் புள்ளிகள்

புரட்டாதி, புதன்கிழமை இரவு

படுத்தும் நித்திரை வரவில்லை. எழும்பிவிட்டேன்.

படுவான்கரை வயல் வட்டையில் இன்று வெடிக்காத குண்டு தேடினோம். உழவு இயந்திரத்தின் பின்னால் உணர்கருவி வண்டியை இழுத்துக்கொண்டு போனபோது, என் மடிக்கணினியில் ஏழு சிவப்புப் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. யாரோ வரிசையாகப் புதைத்த வெடி என்றே பயந்தேன். பக்கத்து வயல்காரர் தள்ளி நின்று, "ஒண்டையும் விடாம எடுங்க மிஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொழுதுபடத் தோண்டி எடுத்தால், ஏழும் துருப்பிடித்த கலப்பைக் கொழுக்கள். சிரித்தோம். கழிவிரும்போடு ஏற்றி அனுப்பினோம். குழிகளையும் மூடினோம்.

பிறகுதான் அந்த வயலுக்குச் சொந்தக்காரி, பத்மா அக்கா, ஓடி வந்தார்.

"எங்கட அப்பா மண்ணுக்குள்ள தாட்ட இரும்பு தங்கச்சி அது. வெள்ளத்தில வரம்பு கரைஞ்சாலும் எல்லை தெரியட்டும் எண்டு தாட்டவர். இனி நான் எதைக் காட்டுற?"

பக்கத்து வயல்காரர் போகும்போது, நாளைக் காலையில் உழவு என்றார். அது எல்லை இரும்பு என்று அந்த ஆளுக்கு முதலே தெரியும்.

அந்த ஏழு இடங்களும் இப்போது என் மடிக்கணினியில் மட்டும்தான் இருக்கின்றன. வரைபடத்தை வெளியே கொடுத்தால் வேலை போகும். காணிச் சண்டை நமக்கு வேண்டாம் என்று பொறுப்பாளரும் சொல்லிவிட்டார்.

அந்த இடங்களைக் காட்டும் எண்களை ஒரு துண்டில் எழுதினேன். கிழித்தேன். திரும்பவும் எழுதிக் கிழித்தேன்.

இனிக் கிழித்தும் பயனில்லை. ஏழும் பாடமாகிவிட்டன.