நீ வெட்டாத காட்சி

உன் மனைவி அனுப்பிய அட்டைப்பெட்டி நேற்று வந்தது. பிரித்ததும் வினிகர் வாடை முகத்தில் அடித்தது. பழைய பிலிம் கெட்டுப்போனால் அப்படித்தான் நாறும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். உள்ளே ஒரு தகர டப்பா. மேலே உன் கோணல் கையெழுத்தில் 'பஸ்' என்று மட்டும். நீ போய் நாற்பது நாள் ஆகிறது.

எண்பதுகளின் நடுவில் டெக்சாஸ் மாநிலத்து இர்விங் ஊரில் நாம் ஒரே அபார்ட்மென்டில் இருந்தோம். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. உனக்கு ஒரு சின்னப் படக் கம்பெனியில் எடிட்டிங். டெக்சாஸில் பிலிம் வெட்டிப் பிழைக்கிற ஒரே தமிழன் என்று உன்னைக் கேலி செய்வோம். அந்த வருஷம் உன் மேஜைக்கு வந்தது கிளிஃபர்டின் கதை. அறுபதுகளில் தன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய முதல் கறுப்பின மாணவர். படம் எடுத்தபோது ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தார்.

அதில் ஒரு காட்சி. வெளியூர் ஆட்டத்தில் கிளிஃபர்டின் ஓட்டத்தால் அணி ஜெயிக்கிறது. திரும்பும் வழியில் எல்லோரும் ஓட்டலுக்குள் போகிறார்கள். கறுப்பர் என்பதால் அவரை மட்டும் உள்ளே விட மறுக்கிறார்கள். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறார். வசனமே கிடையாது. தயாரிப்பாளர் அதை எடுத்துவிடச் சொன்னார். ஜெயித்த சந்தோஷம் கலையக்கூடாது என்பது அவர் கட்சி. நீ முடியாது என்றுவிட்டாய்.

அந்தச் சனிக்கிழமை லாண்ட்ரி ரூமில் உன்னிடம் சண்டை போட்டேன்.

"உனக்கு எதுக்குடா இந்த வம்பு? க்ரீன் கார்டுக்கு ஸ்பான்சர் பண்றதே அந்த ஆளுதான். ரெண்டு நிமிஷ சீன். கட் பண்ணிட்டுப் போயேன்."

ஈரத் துணியை டிரையரில் போட்டுக்கொண்டே சொன்னாய்: "அன்னிக்கு ஓட்டல்காரன் அவரை வெளிய உட்கார வச்சான். இப்ப நான் கட் பண்ணினா, அவர் அங்க உட்கார்ந்ததே இல்லேன்னு ஆயிடும்டா."

பிழைக்கத் தெரியாதவன் என்று திட்டினேன். இரண்டு நாள் பேச்சில்லை. அதற்குள் நீ கிளிஃபர்டுக்குப் போன் செய்திருந்தாய். அவர் தன் கதையைக் கொடுத்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தாராம். "அந்த பஸ் காட்சி போனால் படத்தில் என் பெயரும் இருக்காது" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, மத்தியானம் வகுப்பு இருக்கிறது என்று கிளம்பிவிட்டாராம். காட்சி தப்பியது. உன் வேலை தப்பவில்லை. படம் முடிந்த கையோடு உன்னை அனுப்பிவிட்டார்கள்.

கிளிஃபர்ட் படித்த கல்லூரி அரங்கில் படத்தை முதலில் போட்டபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். கிளிஃபர்டும் அவர் அம்மாவும் நமக்கு முன்வரிசையில். பஸ் காட்சி வந்தது. அந்த அம்மாள் மகன் பக்கம் திரும்பினார்.

"நல்லா சாப்பிடறேன்னுதானே எனக்கு எழுதின?"

"நல்லாத்தான் சாப்பிட்டேன், அம்மா."

"யாரோடன்னு நான் கேட்கவே இல்லையே."

பிறகு மகனின் கையைப் பிடித்தவர், படம் முடியும்வரை விடவில்லை.

விளக்கு போட்டதும் கிளிஃபர்ட் உன்னைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த அம்மாள் நம் இருவரையும் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தன் மேஜையில் உட்காரவைத்தார். சோள ரொட்டியும் கீரையும். வேலை போனவன் மாதிரியா சாப்பிட்டாய்? மூன்று தடவை வாங்கிக்கொண்டாய். திரும்பும்போது காரில் "சாரிடா" என்றேன். "ஒழுங்கா டிரைவ் பண்ணு, எக்ஸிட்டை விட்டுடப்போறே" என்றாய். அப்புறம் மேற்குக் கரையில் பே ஏரியாவில் வேறு கம்பெனி, க்ரீன் கார்டுக்கு மறுபடி முதலிலிருந்து வரிசை. ஒருநாள்கூட நீ அலுத்துக்கொண்டதில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. என் மகள் ஆஸ்டினுக்குப் படிக்கப் போன முதல் வாரம், போனில் "சாப்பிட்டியாம்மா?" என்றேன். "யெஸ், அப்பா" என்றாள். வைக்கப் போனவன் நிறுத்தி, "யாரோட?" என்று கேட்டேன். அழுதுவிட்டாள். மூன்று மணி நேரம் கார் ஓட்டிப்போய் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்போது அவள் தன் மகளிடம் ஆங்கிலத்தில் கேட்பதும் அந்த 'யாரோட?'தான்.