நாலரை மணி மிஸ்டு கால்

8 ஜனவரி 2025, புதன்

கடைப் போனில் ஒருத்தி என்னை அங்கிள் என்றாள். “அங்கிள், பாஜு கூரோங் துணி மீட்டர் எவ்ளோ?” விலையைச் சொன்னேன். “தேங்க்ஸ் அங்கிள்” என்று வைத்துவிட்டாள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தொண்டை கட்டி மூன்று மாதமாகிறது. கிள்ளான் வெயிலில் ஊரே வேர்க்கிறது, நான் கல்லாவில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரர் ரபீக், “நம்ம துணிக்கடையில கம்பளியும் வைக்கலாம்லா, ஃபஹீமா. ஒரு கஸ்டமர் ரெடியா இருக்கு” என்றார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன்.

9 ஜனவரி

வாப்பா போய் இன்றோடு அறுபது நாள். தங்கை ருமானா என்னோடு பேசாமல் இருப்பதும் அறுபது நாள்.

அந்த வாரம் உம்மா என் வீட்டில் இருந்தார். ரவாங்கில் வாப்பா தனியாக. தினமும் காலை ஏழு மணிக்குப் போன் போடுவேன், முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். அன்று எடுக்கவில்லை.

மய்யித்தைத் தூக்கும்போது ருமானா என் மேல் விழுந்து கதறினாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டது: “சாப்பாடு எத்தன பேருக்குச் சொல்றது?”

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். “கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நீ மனுஷியா கல்லா லாத்தா?”

செமினியில் தன் வீட்டுக்குப் போனவள் என் போனை எடுக்கவில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்து உம்மாவோடு மட்டும் பேசிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாப்பா என்றால் எனக்கு உயிர். அப்புறம் ஏன் அழுகை வரவில்லை?

14 ஜனவரி, செவ்வாய்

பிரிக்பீல்ட்ஸ். பொங்கல் என்று தெருவெல்லாம் கரும்பு. வாப்பாவுக்குச் சர்க்கரை பார்த்த டாக்டர் ஜனகாவிடமே போனேன். வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தத்துக்கு இன்று பதில்.

“தைராய்டு சரியா வேல செய்யல, ஃபஹீமா. நாலுக்குள்ள இருக்க வேண்டிய நம்பர் முப்பத்தெட்டு.”

கழுத்தில் ஒரு சுரப்பி தூங்குகிறதாம். எழுந்திரு எழுந்திரு என்று மூளை மேலேயிருந்து கத்துகிறதாம். அந்தக் கத்தல்தான் முப்பத்தெட்டு. உடம்பு பெருத்தது, குளிர், குரல், மறதி எல்லாம் இதனால்தான்.

“அழுகை வராததும் இதனாலதானா டாக்டர்?”

“இருக்கலாம். மனசு மந்தமாகும். ஆனா எல்லாத்தையும் இது தலையில கட்டிட முடியாது. துக்கம் ஆளுக்கு ஆள் வேற மாதிரி வரும்.”

ஆமாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா? அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே கொம்யூட்டர் ரயில் ஏறிப் போனேன்.

குட்டி மாத்திரை, தினமும் ஒன்று. காலையில், வெறும் வயிற்றில். ஆயுசுக்கும் இருக்கலாம் என்றார். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

15 ஜனவரி

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து ருமானாவுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக்.

16 ஜனவரி

பதில் இல்லை.

உம்மா இது கண்ணேறு என்கிறார். ஓதி ஊதிய தண்ணீர் ஒரு போத்தல் என் தலைமாட்டில் இருக்கிறது.

20 ஜனவரி

போன ரமலானில் விட்ட ஏழு நோன்பை அடுத்த ரமலான் வருவதற்குள் பிடித்து முடிக்க வேண்டும். இன்று முதலாவது. விடியலுக்கு முன் ஸஹர் சாப்பாட்டில் பராட்டா, முட்டை, பால் டீ. கடைசி மடக்கு டீயில் மாத்திரையை விழுங்கிவிட்டு நோன்புக்கு நிய்யத் வைத்தேன். அதற்குமேல் பொழுது சாய்ந்து மஃரிப் வரைக்கும் வெறும் வயிறுதானே. நோன்பாளியைவிட வெறும் வயிறு யாருக்கு இருக்கும்?

3 பிப்ரவரி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

19 பிப்ரவரி

ஏழு நோன்பும் முடிந்தது. டீயோடு மாத்திரை பழகிவிட்டது. சும்மா நாளிலும் அப்படியே.

2 மார்ச்

முதல் நோன்பு. போன வருஷம் வாப்பா பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கி வந்தார். இதை எழுதும்போது ஏதாவது ஆகும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

11 மார்ச், செவ்வாய்

முப்பத்தைந்து! இரண்டு மாதம் விழுங்கி மூன்றுதான் இறங்கியிருக்கிறது. டாக்டருக்கே புரியவில்லை. “எப்படிச் சாப்பிடுறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“பராட்டா மேலயா? பால் டீலயா? ஐயோ ஃபஹீமா! வெறும் வயிறு மாத்திரைக்கு முன்னாடி வேணும், அப்புறம் இல்ல. பாலும் சோறும் அத உறிஞ்ச விடாது.”

இனி நாலரைக்கே எழுந்து தண்ணீரில் விழுங்க வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஸஹர்.

உம்மாவிடம் சொன்னேன். உம்மாவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

12 மார்ச்

அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப் போனேன். எழுந்தபோது ஐந்தே முக்கால். சாப்பிடவே நேரம் பற்றவில்லை, மாத்திரை எங்கே.

13 மார்ச்

நாலரைக்குப் போன் ஒரு தடவை அடித்து நின்றது. ருமானா.

மெசேஜ் இல்லை. எழுந்தேன். உம்மாவின் ஓதிய தண்ணீரில் விழுங்கினேன். தண்ணீர் தண்ணீர்தானே, டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டார்.

14 மார்ச்

நாலரை. ஒரே ஒரு தடவை அடித்து நின்றது.

20 மார்ச்

ஒரு நாள்கூடத் தப்பவில்லை. திருப்பிக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? கல்லு பேசுறேன் என்றா?

31 மார்ச், பெருநாள்

ருமானாவும் அவள் மாப்பிள்ளை ஜுஹைரும் வந்தார்கள். ஸலாம் சொன்னாள். வட்டிலப்பம் வைத்துக் கொடுத்தேன்.

“மருந்து ஒழுங்கா சாப்பிடுறியா?”

“ம்.”

நாலரை மணியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

1 ஏப்ரல்

நோன்பு முடிந்தது. இனி கூப்பிடமாட்டாள் என்று நினைத்தேன். நாலரைக்கு அடித்தது. இவளுக்கென்ன பைத்தியமா? விழுங்கிவிட்டுத் திரும்பப் படுத்தேன்.

22 ஏப்ரல், செவ்வாய்

பதினொன்று. “கத்தல் குறைஞ்சிருக்கு” என்றார் டாக்டர்.

கடைப் போனில் ஒருத்தி அக்கா என்றாள். அவளுக்கு மீட்டருக்கு ஐம்பது காசு குறைத்தேன். ரபீக் முறைத்தார்.

4 மே, ஞாயிறு

நாலரைக்கு முன்னாலேயே விழித்துவிட்டேன். இப்போதெல்லாம் அப்படித்தான். தட்டில் மாத்திரை, பக்கத்தில் தண்ணீர். போன் அடித்ததும் விழுங்குவது வழக்கம்.

நாலரை. நாலு முப்பத்தைந்து. நாற்பது.

கை நடுங்கியது. மருந்து கூடிப்போய் நடுங்குகிறதா என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, பயம். நிஜமான பயம். அவளைக் கூப்பிட்டேன். போன் ஆஃப். ஜுஹைரைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. யா அல்லாஹ், எடு, எடு.

எடுத்தார். தூக்கக் கலக்கத்தில் அவளிடம் கொடுத்தார்.

“போன சார்ஜ்ல போட மறந்துட்டேன் லாத்தா. என்ன ஆச்சு?”

“அறிவிருக்காடி உனக்கு? இங்க ஒருத்தி உசுரக் கையில பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன்! என்னமோ ஏதோன்னு... அன்னைக்கும் இப்படித்தான்டி! அடிச்சிட்டே இருந்தேன், எடுக்கவே இல்ல, வாப்பா எடுக்கவே இல்ல...”

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வேறு என்னவோ சத்தம் வந்தது. என் தொண்டையிலிருந்துதான்.

அந்தப் பக்கம் மெதுவாக, “லாத்தா, அழுறியா?”

“தெரியலடி.”

“அழு. நான் வைக்கல.”

வைக்கவில்லை. உம்மா எழுந்து வந்து கதவருகே நின்றார். பாங்கு சொல்லும் வரைக்கும் ருமானா லைனிலேயே இருந்தாள்.

மாத்திரை தட்டிலேயே கிடந்தது. ஆறு மணிக்கு விழுங்கினேன். டீ ஆறே முக்காலுக்கு.